ஓரம் வெட்டிய படங்கள்

பெப்ரவரி 27, செவ்வாய்க்கிழமை. சுபஹுத் தொழுகை முடித்து ஐந்தரைக்கு அடுப்பை மூட்டினேன். அறுவடைக்காகச் சம்மாந்துறைப் பக்கம் வயல் வாடியில் தங்கியிருந்த கணவருக்கு ஆறு ரொட்டியும் கட்டைச் சம்பலும். ஆறு நாற்பதுக்கு எங்கள் தெருவால் போகும் டிராக்டரில் பார்சலைக் கொடுத்துவிட்டேன். ஏழு இருபத்தைந்துக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு நடந்தேன். ஏழு ஐம்பதுக்குத் தபாலகத்தில் கையெழுத்து. பிறகு, இருபத்தாறு வருடங்களாகச் செய்வதுபோல, திகதி முத்திரையின் எழுத்தை மாற்றி 27 ஆக்கி, பழைய தாள் ஒன்றில் ஒருமுறை குத்திப் பார்த்தேன். நேராக விழுந்தது.

இவ்வளவும் அன்றைய டயரியில் இருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு குறிப்பு: "11.10. கவுண்டரில் ஒரு இளம் பெண். புதியவர். முத்திரை இரண்டு வாங்கினார். 'அந்தப் பழைய கலியாணப் படமெல்லாம் போடுற அக்கா நீங்கதானே?' என்றார். இல்லை என்றேன்."

அந்த நாட்களில் நான் அடிக்கடி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

படம் போடுவது என்றால் இதுதான். சுனாமியாகக் கடல் வந்தபோது கரையோர வீடுகளில் ஆட்களோடு அல்பங்களும் போயின. பிள்ளையைப் பறிகொடுத்த எத்தனையோ வீடுகளில் பிள்ளையின் முகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை எப்போதாவது யாருடைய கலியாணத்துக்காவது போயிருக்கும். கடலுக்குத் தூரமாக, வயல் பக்கத்துத் தெருக்களில், அந்தக் கலியாணத்தின் அல்பம் இன்னும் அலுமாரியில் இருக்கும். மாப்பிள்ளையைச் சுற்றி நிற்கும் கூட்டத்திலோ, ஒரே சஹன் தட்டைச் சுற்றிச் சாப்பிட உட்கார்ந்த ஆறு பேரிலோ அந்தப் பிள்ளை இருக்கலாம்.

நான் பெண் என்பதால் வீட்டுப் பெண்கள் யோசிக்காமல் அல்பத்தைத் தருவார்கள். ஸ்கேன் செய்து மூன்றாம் நாள் திருப்பிக் கொடுப்பேன். ஆண்களும் பிள்ளைகளும் உள்ள படங்களை இணையத்தில் ஒரு பக்கம் திறந்து போட்டேன். வளர்ந்த பெண்கள் நிற்கும் படங்களைப் போடுவதில்லை. கேட்டு வரும் பெண்களுக்கு வீட்டில் வைத்துக் காட்டுவேன். யாரும் எதுவும் தர வேண்டியதில்லை. விரும்பியவர் எடுத்துப் பெருப்பித்துச் சட்டம் போட்டுக்கொள்ளலாம்.

சாய்ந்தமருதில் இருந்து ஒரு தாய் வந்தாள். சஹனில் கை வைத்தபடி கமராவைத் திரும்பிப் பார்க்கும் பையன் தன் மகன் என்றாள். நெடுநேரம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு சொன்னாள்: "புள்ளைட காதுக்குக் கீழ ஒரு மச்சம் இருந்த, ராத்தா. அது உண்மையா, நானாக் கற்பனை பண்ணினதா எண்டு இவ்வளவு காலமும் யோசிச்சிட்டு இருந்த நான். இரிக்கி. இஞ்ச பாருங்க, இரிக்கி."

ஸ்கேன் செய்தவற்றை எழுதிவைக்கும் பதிவேட்டில் அந்தப் படத்தை நான் முதலாம் இலக்கமாக எழுதியிருந்தேன்.

ஜனவரியில், வெளிநாட்டில் வேலை செய்யும் என் தம்பி வட்ஸ்அப்பில் ஒரு ஆவணம் அனுப்பினான். பதிப்புரிமைச் சட்டத்துக்கு வரப்போகும் திருத்தத்தின் வரைவு என்று எழுதியிருந்தான். அச்செடுத்துப் பென்சிலோடு இரண்டு தடவை வாசித்தேன். இணையத்தில் பக்கம் வைத்திருப்பவர் அதிலுள்ள ஒவ்வொன்றுக்கும் உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். முறைப்பாடு வந்தால் முதலில் நீக்க வேண்டும்; விசாரணை பிறகு. முறைப்பாடு செய்தவர் யாரென்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியிடாமல் கணினியில் பிரதி வைத்திருப்பதும் குற்றமாகலாம். உரிமையாளர் யாரென்றே தெரியாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. நான் மூன்றாவது தடவை தேடியது அந்த வரியைத்தான்.

படம் எடுத்தவருக்கு உரிமை இல்லை என்று நான் நினைக்கவில்லை. வெயிலில் நின்று, புகையில் நின்று, மணவறையில் இடிபட்டு எடுத்த மனிதர் அவர். ஆனால் இந்த வரைவு அவரை நினைத்து எழுதப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. கல்முனையில் பழைய ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவர் கொழும்புக்குப் போய், எனக்காக ஒரு சட்டம் செய்யுங்கள் என்று கேட்டிருப்பாரா? அப்படியென்றால் கேட்டது யார்? பெயர் சொல்லாமல் முறைப்பாடு செய்யும் வசதி யாருக்குத் தேவை? பக்க ஓரத்தில் கேள்விக்குறிகளாகப் போட்டேன். அபிப்பிராயம் அனுப்புவதற்கு மார்ச் வரை அவகாசம் தந்திருந்தார்கள். கடிதம் எழுதத் தொடங்கினேன். அரச உத்தியோகத்தர் என்ற நினைப்பு வந்ததும் மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டேன்.

பெப்ரவரி முதல் வாரத்தில் என் பக்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பெயர் இல்லை. "இந்தப் படங்களை எடுத்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? யாரிடம் கதைக்க வேண்டும்?" இரண்டே வரி. நான் பதில் போடவில்லை. வரைவு சட்டமாகுமுன்பே யாரோ ஆள் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று எண்ணினேன்.

அதன் பிறகுதான் அந்த வேலையைச் செய்தேன். பெரும்பாலான படங்களின் வலது ஓரத்தில், கீழே, ஸ்டூடியோவின் பெயர் பொன்னிற எழுத்தில் இருக்கும். ஒரே ஸ்டூடியோ. அந்தப் பெயரைப் பார்த்துத்தானே உரிமையாளர் வருவார்? மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கணினி முன் இருந்து, எல்லாப் படங்களின் வலது ஓரத்தையும் மேலிருந்து கீழாக ஒரே அளவாக வெட்டினேன். ஒரு விரல் அகலம். படத்துக்குப் படம் அளவு மாறினால் எனக்குப் பிடிக்காது. என் கண் அந்தப் பொன்னிற எழுத்தில் மட்டும் இருந்தது. வெட்டாத பிரதிகளை அழித்தேன். வைத்திருப்பதும் குற்றம் என்றல்லவா எழுதியிருந்தார்கள். பதிவேட்டில் ஐந்தாம் நிரல், படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதியிருந்த இலக்கம். அதை ஒவ்வொன்றாகக் கறுப்பு மையால் மூடினேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்குக் கேட்டில் தட்டும் சத்தம் கேட்டது. கதவைப் பாதி திறந்தேன். சைக்கிளைப் பிடித்தபடி ஒரு முதியவர். வெள்ளைச் சாரம், நெற்றியில் விபூதி.

"பாண்டிருப்பில இருந்து வாறன், மகள். முந்தி கல்முனையில ஸ்டூடியோ வெச்சிருந்த ஆள்."

என் கை கதவை விடவில்லை. "ஆர வேணும்?"

அவர் போனை எடுத்துத் திரையைக் காட்டினார். சஹன் படம். "இது நீங்க போட்டது எண்டாங்க."

"ஆரு சொன்ன?"

"ஊரே சொல்லுது." சிரித்தார். "இது நான் எடுத்த படம். இந்த மூலையில என்ட பேர் இருந்திருக்கும். வெட்டிக் கிடக்கு."

"எனக்கு ஒண்டும் தெரியா ஐயா. நான் தபால் கந்தோர்ல வேல செய்யிற ஆள்."

"ஓம், அதுவும் சொன்னாங்க. நாள் முழுக்க முத்திரை குத்துற கைக்கு, இன்னொருத்தன்ட முத்திரைய வெட்ட எப்பிடி மனம் வந்திச்செண்டுதான் வாற வழியெல்லாம் யோசிச்சிட்டு வந்தன்."

"வீட்டில ஆம்புளையாக்கள் இல்ல. பிறகு வாங்க."

"கோவிக்காதங்க மகள். நான் சண்டைக்கு வரல்ல. படத்துக்குப் பின்னால பென்சிலால ஒரு நம்பர் எழுதிருப்பன். அது இருந்தாப் போதும் எனக்கு."

நம்பர். அவருக்குத் தேவையான சாட்சியம் அதுதான் என்று எனக்கு உடனே பட்டது. நம்பரைக் கொடுத்தால், ஆம், படம் என்னிடம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"அப்பிடி ஒண்டும் இல்ல," என்றேன்.

அவர் சட்டைப் பையில் இருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கேட்டின் கம்பிகளுக்கு இடையே செருகினார். "மனம் வந்தாப் பாருங்க." சைக்கிளில் ஏறிக்கொண்டார். நான் டயரியில் எழுதினேன்: "5.52. போனார். பச்சைச் சைக்கிள். பின்னால் துணிப்பை."

தாளை எடுத்துவந்து, பிரிக்காமல், பொலித்தீன் உறை ஒன்றுக்குள் போட்டு வைத்தேன். நாளைக்கு வழக்கு என்று வந்தால் அது வந்தபடியே இருக்க வேண்டும். பிறகு கணவருக்குப் போன் எடுத்தேன். பின்னால் சூடடிக்கும் மெசின் இரைந்தது.

"ஆள்ட பேரென்ன?" என்று கத்தினார்.

"கேக்கல்ல."

"நீயா? பால்காரன்ட மாட்டுப் பேரையும் டயரியில எழுதி வெச்சிருக்கிற ஆள் நீ! கடுதாசில என்ன இரிக்கி?"

"இன்னும் பாக்கல்ல."

"ஏன்?"

"பயமா இரிக்கி."

"அப்ப படிச்சிட்டுப் பயப்படு," என்றார். "இஞ்ச மழ இருட்டுது. நெல்லு மூடணும். வெக்கிறன்."

அப்போதும் நான் படிக்கவில்லை. மஃரிப் தொழுகைக்குச் சற்று முன்பு, அடுத்த வீட்டில் இருக்கும் கணவரின் தங்கை மதிலால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மச்சி, ஸ்டூடியோ ஐயாவ வாசல்லயே வெச்சு அனுப்பிட்டீங்க? ஒரு தேத்தண்ணி குடுக்கவும் கஞ்சமா?"

"அவர உனக்குத் தெரியுமா?"

"நல்ல கேள்வி! என்ட கலியாணத்துக்குப் படம் எடுத்ததே அவர்தானே. 'சிரிங்க பொண்ணு, பிலிம் முடியப்போகுது' எண்டு சொல்லிச் சொல்லியே ஒரு படத்திலயும் என்னச் சிரிக்க விடல்ல. பாருங்க, எல்லாத்திலயும் மௌத்து வீட்டுக்குப் போன மாதிரி நிக்கிறன்."

"அவர் என்னத்துக்கு வந்திருப்பார் எண்டு நினைக்கிறாய்?"

அவள் முகம் மாறியது. "மகளுக்கா இருக்கும், மச்சி. எங்க படம் எடுக்கப் போனாலும் அந்தப் புள்ளையக் கூட்டித் திரிவார். ரெண்டு பின்னல். என்ட கலியாணத்திலயும் வந்து வட்டிலப்பம் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்ட. ஸ்டூடியோ கடற்கரை ரோட்டில தானே இருந்த. கடல் வந்தண்டு தாயும் புள்ளையும் உள்ளுக்கு. அவர் சாமான் வாங்க அம்பாறைக்குப் போயிருந்த." குரலைத் தாழ்த்தினாள். "ஊரான் வீட்டுப் படமெல்லாம் எடுத்த மனுசன். சொந்தப் புள்ளைட படம் ஒண்டும் மிஞ்சல்லயாம்."

பாங்கு ஒலித்தது. தொழுதேன். தொழுகையில் மனம் நிற்கவில்லை, அதையும் எழுதியிருக்கிறேன். தொழுது முடித்து உறையில் இருந்து தாளை எடுத்துப் பிரித்தேன்.

அப்பியாசக் கொப்பியில் கிழித்த தாள். கையெழுத்து நிதானமாக, வரி தவறாமல் இருந்தது. என் கையெழுத்துப் போலவே என்று நினைத்தேன். மேலே எழுதியிருந்தது: "சின்னவளைக் கூட்டிப்போன கலியாணங்கள்." கீழே பதினொரு வரிகள்; ஒவ்வொன்றிலும் ஒரு கலியாணத்துப் படங்களின் இலக்கத் தொடர். ஒவ்வொன்றுக்கும் எதிரே நாள், ஊர், வீடு. அதற்குக் கீழே:

"ஓடர் புத்தகம் வீட்டில் இருந்தபடியால் தப்பியது. நெகட்டிவ் எல்லாம் போய்விட்டது. அவளைத் தனியாக ஒரு படமும் நான் எடுக்கவில்லை. பிலிம் கலியாண வீட்டாருடையது என்று நினைத்தேன். யாருடைய படத்திலாவது ஓரத்தில் நிற்பாள். நம்பரைச் சொன்னால் உங்களிடம் உள்ளதில் எந்தெந்தப் படத்தில் தேடுவது என்று தெரியும். மருமகள் மெயில் போட்டாள், கவுண்டரிலும் வந்து கேட்டாள். பதில் இல்லாததால் நானே வந்தேன்."

பதிவேட்டை எடுத்து ஐந்தாம் நிரலைப் பார்த்தேன். லைட்டுக்கு நேரே பிடித்தேன். தாளைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஒரு இலக்கமும் தெரியவில்லை.

சந்தேகம் அப்போதும் முழுவதாகப் போய்விடவில்லை என்பதையும் எழுத வேண்டும். நாளைக்கு இவரோ இவருடைய மருமகளோ மனம் மாறி முறைப்பாடு செய்தால்? இவரிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கிக்கொண்டு நம்பரைத் தேடிக் கொடுத்தால் என்ன? அப்படி ஒரு கடிதத்தின் வாசகத்தை மனதுக்குள் பாதிவரை எழுதியும் விட்டேன். பிறகு வெட்கம் வந்தது. வரைவு சொல்லும் உரிமையாளர் என்றால் அது இவர்தான். என் பக்கத்தை ஒரே முறைப்பாட்டில் இல்லாமலாக்கக்கூடிய ஆள் இந்த ஊரில் இவர் ஒருவர்தான். அவர் தான் யாரென்று மறைக்காமல், முகத்தோடு, சைக்கிள் மிதித்து வந்து கேட்டது ஒரு நம்பர். அவருடைய பெயரை நான் வெட்டியதற்குக்கூட ஒரு கேலியோடு விட்டுவிட்டார்.

லாச்சியில் கிடந்த கடிதத்தை எடுத்தேன். சட்டம் படித்தவர்போல் எழுதியிருந்த முதல் இரண்டு பக்கங்களையும் கிழித்தேன். புதிதாக எழுதினேன்: "இந்த வரைவை நான் எதிர்க்கிறேன். இது சட்டமாகும் முன்பே, இதற்குப் பயந்து நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன். ஒரு மனிதர் எடுத்த படங்களில் இருந்து அவருடைய பெயரை வெட்டினேன். அவர் தேடி வந்தபோது கதவைச் சாத்தினேன். அவருடைய உரிமையைக் காப்பாற்றுவதற்காக என்று சொல்லப்படும் சட்டம் என்னிடம் செய்வித்தது இதுதான். நீக்குவதற்கு முன் கேளுங்கள். முறைப்பாடு செய்பவர் தன் பெயரைச் சொல்லட்டும். உரிமையாளரைத் தேடியும் கிடைக்காத படங்களைப் பகிர வழி விடுங்கள். கிடைத்தால் அவரோடு கதைக்க எங்களுக்குத் தெரியும்." கீழே என் முழுப்பெயரும் விலாசமும். பதிவுத் தபாலில் அனுப்புவதற்காக உறையில் இட்டு ஒட்டினேன்.

பிறகு பதிவேட்டில் இருந்து அல்பம் தந்த வீடுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். எல்லா வீட்டுக்கும் திரும்பப் போக வேண்டும்.

மறுநாள் காலை முதல் வேலையாக, ரொட்டிக்கு மாவு பிசையும் முன்பு, பதிவேட்டையும் ஐயாவின் தாளையும் எடுத்துக்கொண்டு முதலாம் இலக்கப் படத்தின் வீட்டுக்குப் போனேன். மூன்று தெரு தள்ளி, அரிசி ஆலைக்காரர் வீடு. அவருடைய மனைவி வாசல் லைட்டைப் போட்டு முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றைக் கீழே வைக்கவில்லை.

"திரும்பவும் அல்பமா? அண்டைக்கு முழுசா எடுத்திட்டுத்தானே போன நீங்க?"

"ஒரு படம் மட்டும் பார்த்தாப் போதும், ராத்தா."

"சட்டம் ஏதோ வருதாம் எண்டு இவர் சொன்னார். படம் வெச்சிருக்கிற ஆக்களையும் புடிப்பாங்களாமே. எங்களையும் சேத்து மாட்டி விடுற எண்ணமா?"

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. முந்தின நாள் கதவிடுக்கால் நான் பார்த்ததும் அப்படித்தான். எனவே எல்லாவற்றையும் சொன்னேன்: வெட்டியதை, அழித்ததை, ஸ்டூடியோ ஐயாவுக்கு இல்லை என்று சொன்னதை. அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். உள்ளே போய் அல்பத்தைக் கொண்டுவந்தாள். என் கையில் தராமல், வாசற்படியில் உட்கார்ந்து, தன் மடியில் வைத்தே விரித்தாள்.

"இதில வெச்சே பாருங்க."

சஹனைச் சுற்றி ஆறு பேர். கையைத் தட்டில் வைத்தபடி திரும்பிப் பார்க்கும் பையன். வலது ஓரத்தில், கீழே, பொன்னிற எழுத்து. அந்த எழுத்துக்கு மேலே, நான் ஒரு விரல் அகலத்தில் வெட்டிய இடத்தில், தூணில் சாய்ந்துகொண்டு ஒரு சிறு பெண் நின்றாள். இரண்டு பின்னல். கையில் பாதி கடித்த வாழைப்பழம். அவள் சஹனையோ மாப்பிள்ளையையோ பார்க்கவில்லை. கமராவைப் பிடித்திருந்தவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் புள்ள ஆருட?" என்று ஆலைக்காரரின் மனைவி கேட்டாள். "எங்கட ஆக்கள்ல இல்ல."

படத்தை உறையில் இருந்து மெதுவாக எடுத்துத் திருப்பினேன். பென்சில் எழுத்து அழியாமல் இருந்தது. ஐயாவின் தாளில் நாலாவது வரியில் இருந்த தொடருக்குள் வரும் இலக்கம். பதிவேட்டைத் திறந்து, கறுப்பாக மூடிய கட்டத்துக்குப் பக்கத்தில், அதை மீண்டும் எழுதினேன்.